வெறும் புதுப்பட்டி

ஞானபூரணிக்கு ஊசி போடத் தெரியும், கட்டுப் போடத் தெரியும், பிரசவ வலியில் ஊரைக் கூட்டுகிற பெண்ணை ஒரே அதட்டலில் அடக்கவும் தெரியும். தான் எந்த ஊர்க்காரி என்பது மட்டும் தெரியாது. இருபத்துமூன்று வயதுவரை அது தெரியாததால் அவளுக்கு ஒரு வேலையும் நின்றுபோனதில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, மாதம் பிறந்தால் சம்பளம், வளாகத்துக்குள்ளேயே கோயில், வார்டில் பாதிப்பேர் அவளை அக்கா என்றும் மீதிப்பேர் மகளே என்றும் கூப்பிட்டார்கள். சொந்தத்துக்கு என்ன குறைச்சல் என்று இருந்துவிட்டாள்.

அப்புறம் மல்லாங்கிணறு பள்ளிக்கூடத்து வாத்தியார் ஜேசுதாசன் கையில் ஒரு கட்டியோடு வந்தார். தனியாக ஏழு தடவை வந்தார். முதல் மூன்று தடவை கட்டிக்காக வந்தார். மீதி நான்கு தடவை எதற்காக வந்தார் என்பது ஆஸ்பத்திரித் தோட்டக்காரருக்குக்கூடத் தெரிந்திருந்தது. எட்டாவது தடவை தன் தாயார் ஞானதீபத்தையே கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

ஞானதீபம் வளைத்துப் பேசுகிற ஆள் இல்லை. பெண்ணை மேலும் கீழும் பார்த்தாள். "லட்சணமாத்தான் இருக்கே. கையும் சுத்தமா இருக்கு. பிறந்த வீடு எங்கன?" என்று கேட்டாள்.

பூரணி எதையும் மறைக்கவில்லை. அவள் மிஷன் விடுதியில் வளர்ந்தவள். விடுதிப் பதிவேட்டில் அவளுக்கென்று இருந்தது ஒரே ஒரு பத்தி. ‘1938 ஐப்பசி. பெண் குழந்தை. மூன்று மாதம். தாய் தகப்பன் காலராவில் மரணம். வண்டிக்காரர் கொண்டுவந்து விட்டார். ஊர்: புதுப்பட்டி.’ வண்டிக்காரரின் பெயர் இல்லை. எழுதி வைத்த வெள்ளைக்காரம்மாவுக்கு உலகத்தில் புதுப்பட்டி ஒன்றுதான் இருக்கும் என்று நினைப்பு போலிருக்கிறது. அந்த அம்மாள் கப்பலேறிப் போயும் பல வருஷம் ஆகிவிட்டது.

ஆனால் அந்த வட்டாரத்தில் எந்தப் பஸ்ஸில் ஏறிப் புதுப்பட்டிக்கு ஒரு சீட்டுக் கேட்டாலும் கண்டக்டர் உடனே கிழித்துத் தரமாட்டார். "எந்தப் புதுப்பட்டி?" என்பார். சிவகாசிக்குத் தெற்கே பட்டாசுக் கம்பெனி இருக்கிற ஊர் ஆலைப் புதுப்பட்டி. கிழக்கே பருத்தி விளைகிற கறுப்பு மண்ணில் இருப்பது கரிசல் புதுப்பட்டி. மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருப்பது மேலப் புதுப்பட்டி. இதெல்லாம் வெளியாட்கள் தங்கள் வசதிக்காக வைத்துக்கொண்ட அடையாளம். அந்த ஊருக்குள்ளேயே போய் இப்படிச் சொல்லிப் பாருங்கள், குடிக்கத் தண்ணீர்கூடக் கிடைக்காது. மூன்று ஊரும் தன்னை வெறும் புதுப்பட்டி என்றுதான் சொல்லிக்கொள்ளும். மற்ற இரண்டும் பிற்பாடு முளைத்தவை, பெயரைத் திருடிக்கொண்டவை என்பதில் மூன்று ஊருக்கும் கொஞ்சமும் சந்தேகம் கிடையாது.

ஞானதீபம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு நிபந்தனை வைத்தாள். "கோயில்ல குருவானவர் ஐயா கேப்பாரு, இந்தப் பொண்ணைக் குடுக்கிறது யாருன்னு. அப்ப பொண்ணோட ஊர்க்காரன்னு ஒரு ஆளு எந்திரிச்சு நிக்கணும். ஆஸ்பத்திரி மேட்ரனம்மா நின்னா நான் ஒத்துக்கிட மாட்டேன். அவுக சம்பளத்துக்கு இருக்கிறவுக. நாளைக்கே மாத்தலாகிப் போயிருவாக."

"என்னம்மா இது? அவங்களுக்கு யாருமில்லைங்கிறதுக்கு அவங்க என்ன செய்வாங்க?" என்று ஜேசுதாசன் குரலை உயர்த்தினார்.

"நீ சும்மா இருலே. எனக்கு நிக்க ஆளில்லாமத்தான் ஒங்க அப்பா வீட்டுக்கு வந்தேன். முப்பது வருசம் எம்புட்டுப் பேச்சு வாங்கியிருக்கேன் தெரியுமா? ஏன்னு கேக்க ஒரு நாதி வந்துச்சா? எனக்கும் வாய் சும்மா இருக்காது. நாளைக்கு நானும் இந்தப் பிள்ளையைப் பேசத்தான் செய்வேன். அப்ப என்கிட்ட வந்து ஏன்னு கேக்க ஒருத்தன் வேணும்ல?"

தன்னைத் தட்டிக் கேட்க ஆள் தேடுகிற மாமியாரைப் பூரணி அதுவரை எந்த வார்டிலும் பார்த்ததில்லை. அவளுக்குக் கோபம் வரவில்லை. ஜேசுதாசன் மேல் இருந்த பிரியத்தில் ஒரு பங்கு அந்த அம்மாள் மேலும் விழுந்தது. சரி, ஊரைத் தேடிப் பார்க்கிறேன் என்று ஒத்துக்கொண்டாள்.

விடுமுறை நாளில் முதலில் ஆலைப் புதுப்பட்டிக்குப் போனாள். தீபாவளி சீசன். அவளுடைய வெள்ளைச் சேலையைக் கண்டதும் அம்மை குத்த வந்திருக்கிறாள் என்று பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் ஓடினார்கள். ஊரில் எதற்கும் முன்னால் நிற்கிறவர் போர்மேன் சங்கையா. கம்பெனியிலிருந்து முழங்கைவரை பட்டாசுக்குப் போடுகிற வெள்ளிப் பொடி ஒட்டிய கையோடு வந்து, வேப்பமரத்தடியில் நின்று அவள் கதையை முழுக்கக் கேட்டார்.

"எங்க ஊரா இருக்காதும்மா. தாய் தகப்பன் செத்தா இங்கன ஊரே பிள்ளையை வளக்கும். மிஷனுக்கு வண்டி ஏத்தி அனுப்புற ஆளுக நாங்க இல்லை. இது கரிசக்காட்டு ஆளுக வேலையா இருக்கும். அவுக செய்வாக."

அடுத்த வாரம் கரிசல் புதுப்பட்டி. அங்கே வெள்ளைத்தாய் சொன்னால் நாட்டாமை தலையாட்டுவார், அப்படிப்பட்ட வாய். விதைப்பு வரப்போகிறதென்று பருத்தி விதையைச் சாணிப்பாலில் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தவள், கையைக் கழுவிவிட்டுப் பூரணிக்கு ஒரு செம்பு நிறையக் கம்மங்கஞ்சி கொடுத்தாள். குடித்து முடிக்கிறவரை அன்பாகத்தான் இருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் இடுப்பில் கைவைத்துவிட்டாள்.

"காலரா இங்கனயும் வந்துச்சு, இல்லைங்கலை. அதுக்காகப் பெத்த பிள்ளையைத் தூக்கி அடுத்தவுக கையில குடுப்போமா? எங்க ஊர்ல கஞ்சிக்கா பஞ்சம்? நீயே குடிச்சுப் பாத்தேல்ல. போயி மேலப் புதுப்பட்டியில கேளும்மா. மலங்காட்டு ஆளுக, அவுகளுக்கு ஈவு எரக்கம் கிடையாது."

மூன்றாவது வாரம் மேலப் புதுப்பட்டி. மல்லியும் மிளகாய் வத்தலும் மொத்த வியாபாரம் செய்கிற அப்துல் குத்தூஸ்தான் அங்கே ஊருக்குப் பொதுவான மனிதர். மற்ற இருவரையும்விட அவர் மரியாதையாக நடந்துகொண்டார். நாற்காலி போட்டார். அவர் மனைவி சபுரா தேநீர் கொண்டுவந்தாள். பேனாவை எடுத்து வைத்துக்கொண்டு எந்த மாதம், எந்தப் பாதை, ஒற்றை மாடா இரட்டை மாடா என்று குத்தூஸ் இருபது கேள்வி கேட்டார். இவர் ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்று பூரணி நம்பிவிட்டாள். குத்தூஸ் பேனாவை மூடினார்.

"மன்னிச்சுக்கிடணும் மகளே. எங்க ஊர்ல பச்சைப்பிள்ளையை விட்டுக்குடுக்கிற வழக்கமே இல்லை. நீங்க ஆலைப் பக்கம் நல்லா விசாரிச்சீகளா?"

திரும்பி வருகிற பஸ்ஸில் பூரணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. மூன்று ஊரிலும் அவள் வாய் ஒன்று கேட்டுக்கொண்டிருக்க, கண் வேறொன்று தேடிக்கொண்டிருந்தது. எதிரே வருகிற ஒவ்வொரு பெண்ணின் மூக்கையும் பார்த்தாள். தாடையைப் பார்த்தாள். சேலையை வாரிச் செருகுகிற விதத்தைப் பார்த்தாள். இது என் அம்மாவின் நடையாக இருக்குமோ என்று தண்ணீர்க் குடத்தோடு போன ஒருத்தியின் பின்னால் பத்தடி நடந்துகூடப் போனாள். அதை அவள் ஜேசுதாசனிடம்கூடச் சொல்லவில்லை.

கல்யாணத் தேதி குறித்தாயிற்று. கிறிஸ்தவக் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிக்க வேண்டும். இன்ன ஊர் இன்னார் மகனுக்கும் இன்ன ஊர் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை உண்டென்று நினைக்கிறவர் எழுந்து சொல்லலாம் என்று எல்லார் முன்னாலும் அறிவிப்பதுதான் ஓலை. பெண்ணின் ஊரை எழுதியே ஆகவேண்டும். குருவானவர் ஞானசீலன் பதிவேட்டில் இருந்ததை அப்படியே எழுதிக்கொண்டார். "ஓலை வாசிக்கட்டும், தாலி கட்டுறதுக்குள்ள ஆளு வந்தாச் சரி" என்று ஞானதீபம் ஒற்றைக் காலில் நின்றாள்.

முதல் ஞாயிறு குருவானவர் நிதானமாக வாசித்தார். "மல்லாங்கிணறு ஜேசுதாசனுக்கும், புதுப்பட்டி ஞானபூரணிக்கும்..."

"எந்தப் புதுப்பட்டி?" என்று ஆண்கள் வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. கேட்டவர் பஸ் கண்டக்டர் ஞானமுத்து. வாரத்தில் ஆறு நாள் கேட்டுப் பழகிய வாய் ஏழாவது நாளும் கேட்டுவிட்டது. கோயிலே குலுங்கிச் சிரித்தது. ஞானமுத்து ஜெபப் புத்தகத்துக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

குருவானவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "முப்பத்தெட்டாம் வருஷத்துப் பதிவேட்டில் வெறும் புதுப்பட்டி என்றுதான் இருக்கிறது" என்று பதில் சொன்னார். அந்த ஒரு வாக்கியம் மறுநாள் காலை முதல் பஸ்ஸிலேயே ஏறி, மூன்று புதுப்பட்டியிலும் இறங்கியது. ஞானமுத்து இருக்கும்போது தந்தி எதற்கு?

சாதாரண நாளாக இருந்தால் இதை யாரும் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள். ஆனால் அது சர்க்கார் ஜனத்தொகைக் கணக்கு எடுத்து முடித்த வருஷம். ஒரே பெயரில் மூன்று ஊர் இருப்பதால் குழப்பமாக இருக்கிறது, ஆளுக்கு ஓர் அடைமொழி வைத்துக்கொள்ளவும் என்று தாலுகா ஆபீஸிலிருந்து மூன்று ஊருக்கும் கடிதம் வந்திருந்தது. வெறும் புதுப்பட்டி என்ற பெயர் தன்னுடையதுதான் என்று பழைய எழுத்து ஆதாரம் காட்டுகிற ஊர் மட்டும் அதை அப்படியே ஊர்ப்பலகையில் எழுதி வைத்துக்கொள்ளலாம். மூன்று ஊரிலும் பரம்பரைக் கதைகள் மூட்டை மூட்டையாக இருந்தன. காகிதம்தான் ஒன்றுகூட இல்லை. இப்போது இருபத்துமூன்று வருஷத்துக்கு முந்தைய பதிவேட்டில் வெறும் புதுப்பட்டி என்று மையில் எழுதியிருக்கிறதாம். அந்தப் பெண் யார் ஊர்ப் பெண்ணோ, அந்த ஊர்தான் வெறும் புதுப்பட்டி. மூன்று ஊருக்கும் ஒரே நேரத்தில் மூக்கில் வியர்த்துவிட்டது.

இரண்டாவது ஞாயிறு குருவானவர் ஓலையை வாசித்து, தடை உண்டா என்று கேட்டுவிட்டு வழக்கம்போல அடுத்த தாளைப் புரட்டப் போனார்.

"இருக்குங்கய்யா!"

முன்வரிசையில் புதுவேட்டி கட்டிய சங்கையா எழுந்து நின்றார். அதே மூச்சில் பெண்கள் பக்கமிருந்து "எனக்கும் இருக்கு!" என்று வெள்ளைத்தாய் எழுந்தாள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றிருந்த அப்துல் குத்தூஸ் கையை உயர்த்தி, "நானும் ஒண்ணு சொல்லணும்" என்றார்.

ஞானதீபம் அப்படியே பெஞ்சில் சரிந்துவிட்டாள். முப்பது வருஷ ஊழியத்தில் குருவானவர் தடை என்று ஒன்றைக் கேட்டதே இல்லை. அவர் முகத்தில் ஈயாடவில்லை. ஆராதனை முடிந்ததும் எல்லாரையும் கோயிலின் பின்னறைக்குக் கூட்டிப்போனார்.

சங்கையாதான் தொடங்கினார். "கல்யாணத்துக்குத் தடை இல்லைங்கய்யா. ஊர்லதான் தடை. இது எங்க பொண்ணு. அந்த மூக்கைப் பாருங்க, எங்க ஊரு மூக்கு."

"மூக்கை விடுங்க. தாடையைப் பாருங்க. எங்க வகையறாத் தாடையில்ல அது?" என்றாள் வெள்ளைத்தாய்.

"முப்பத்தெட்டு ஐப்பசியில எங்க ஊர்லருந்து கிழக்க ஒரு இரட்டைமாட்டு வண்டி போயிருக்கு. சாட்சி இருக்கு, எழுதியே கொண்டாந்திருக்கேன்" என்று குத்தூஸ் ஒரு தாளை விரித்தார். விரித்துவிட்டு, மற்ற இருவருக்கும் கேட்காதபடி கொஞ்சம் குனிந்தார். "அந்தப் பதிவேட்டுல ஒரு காப்பி மட்டும் எடுத்துக் குடுத்தீகன்னா, தாலுகா ஆபீஸ்ல..."

கேட்டுவிட்டது. "அப்ப எங்களுக்கும் ஒரு காப்பி!" என்று இருவரும் ஒன்றாகச் சத்தம் போட்டார்கள்.

குருவானவர் கையைப் பிசைந்தார். தடை என்று சபையில் ஒருவர் எழுந்துவிட்டால் அது தீர்கிறவரை மூன்றாவது ஓலை வாசிக்க முடியாது, கல்யாணம் தள்ளித்தான் போகும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்.

அதுவரை சுவரோரம் நின்றிருந்த பூரணி முன்னால் வந்தாள். வார்டில் அதட்டுகிற குரல்தான், ஆனால் நடுங்கியது.

"நான் ஒங்க மூணு பேரு வாசல்லயும் வந்து நின்னேன். ஒங்க ஊர்ல ஒருத்தர் விடாம எல்லார் மூக்கையும் பாத்தேன், ஏதாவது ஒண்ணு என்னை மாதிரி இருக்கான்னு. அன்னைக்கு ஒங்களுக்கு என் மூக்கு தெரியலை. தாடை தெரியலை. வண்டி போனதும் ஞாபகம் வரலை. இப்ப ஊர்ப்பலகைக்கு ஒரு சாட்சி வேணும்னதும் எல்லாம் தெரியுதாக்கும்? எனக்கு ஒரு ஆளு வேணும்னு நான் வந்தேன். நீங்க ஒரு காகிதம் வேணும்னு வந்திருக்கீக. பதிவேடு விடுதி அலமாரியில இருக்கு, போயி வேணுங்கிற மட்டும் எழுதிக்கிடுங்க. என் கல்யாணத்தை விட்ருங்க. ஐயா, ஊர்ங்கிற எடத்துல ஒண்ணும் எழுத வேண்டாம். எனக்கு ஊர் இல்லை."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. வேலையில் எத்தனையோ சாவைப் பார்த்தும் மற்றவர் முன்னால் அழாதவள், முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே போனாள். பின்னாலேயே ஜேசுதாசன் போனார்.

குத்தூஸ் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார். சங்கையா தரையைப் பார்த்தார். ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிற வெள்ளைத்தாய்தான் முதலில் கையை நீட்டிக் குருவானவரிடம் பேனாவை வாங்கினாள். தடை ஏதும் இல்லை என்று மூவரும் எழுதிக் கொடுத்துவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் மூன்று திசையில் பஸ் ஏறினார்கள்.

மூன்றாவது ஞாயிறு ஓலை தடையில்லாமல் நடந்தது. சபையில் மூவரும் இல்லை. ஆராதனை முடிந்ததும் பூரணி நேரே ஞானதீபத்திடம் போனாள். "எனக்கு நிக்க ஆளு கிடைக்கலை. நான் தேடிப் பாத்துட்டேன். ஒங்களுக்கு வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க அத்தை."

அத்தை என்ற சொல் ஞானதீபத்தை என்னவோ செய்தது. இருந்தாலும் பிடித்த பிடியை விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. "பொதன்கிழமை கல்யாணத்துக்குக் கோயிலுக்கு வருவேன். ஐயா கேக்கிறப்ப யாரும் எந்திரிக்கலைன்னா நான் எந்திரிச்சு வெளிய போயிருவேன். அதுக்கு மேல ஒங்க பாடு" என்றாள். அவளுக்கே அது நன்றாக இல்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் சொல்லியாயிற்று.

புதன்கிழமை வந்தது. கோயில் நிறைய ஆஸ்பத்திரி ஆட்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும். குணமாகிப் போன நோயாளிகள் பலர் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பூரணி பட்டுச் சேலையில் நின்றாள். முன்பெஞ்சில் ஞானதீபம் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்து, இப்போதோ இன்னும் சற்று நேரத்திலோ எழுந்துவிடப் போகிறவள்போல் நுனியில் உட்கார்ந்திருந்தாள். என்ன வந்தாலும் வரட்டும், நான் நிற்கிறேன் என்று மேட்ரன் அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு தயாராக இருந்தார்.

பாட்டு முடிந்தது. ஜெபம் முடிந்தது. குருவானவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இந்தப் பெண்ணை இந்த மனிதனுக்கு விவாகம் செய்து கொடுக்கிறவர் யார்?"

பூரணி கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு நொடி. இரண்டு நொடி. பெஞ்சு ஒன்று கிறீச்சிட்டது. ஞானதீபம் எழுகிறாள் என்று நினைத்தாள்.

"நான் குடுக்கேன்."

"நாந்தேன் குடுக்கேன்."

"நான் கொடுக்கிறேன்."

கண்ணைத் திறந்து பார்த்தாள். கடைசி வரிசையிலிருந்து சங்கையா வந்துகொண்டிருந்தார். கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியும் நகக்கண்ணில் வெள்ளிப் பொடி மின்னியது. தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது ஒரு போர்மேன் லீவு போடுவது சின்ன விஷயமில்லை. பெண்கள் பக்கமிருந்து வெள்ளைத்தாய் வந்தாள். அவளுக்குப் பின்னால் இரண்டு பேர் பருத்தி மெத்தை ஒன்றைச் சுருட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அதை வாசலிலேயே வைக்கலாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. குத்தூஸ் சபுராவோடு வந்தார். சபுரா முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஒரு வருஷத்துக்கான வத்தலும் மல்லியும் மூட்டையாக வாசலில் இறங்கியிருந்தது. பின்வரிசையில் இரண்டு பேர் தும்மினார்கள்.

மூவரும் பூரணி பக்கத்தில் வந்து நின்றார்கள். அவளால் அடக்க முடியவில்லை. மெதுவான குரலில், "மறுபடியும் பலகைக்கா?" என்று கேட்டாள்.

"பலகையாவது ஒண்ணாவது" என்று வெள்ளைத்தாய் கிசுகிசுத்தாள். அவள் கிசுகிசுத்தால் கோயில் வாசல்வரை கேட்கும். "நீ அன்னைக்குப் பேசுன பேச்சுல எனக்குப் பத்து நாளாச் சோறு எறங்கலை. பேருக்கு வந்தோம்னு நீ சொல்லிரக்கூடாதுன்னு, கரிசல் புதுப்பட்டின்னே போட்டுக்கிடுங்கன்னு தாலுகா ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன். வெறும் புதுப்பட்டியை இந்த ரெண்டு பேர்ல எவராச்சும் வச்சுக்கிடட்டும். எனக்கு நீ போதும்."

சங்கையா திடுக்கிட்டுத் திரும்பினார். "என்னது? நாங்களும் ஆலைன்னு சேத்துக்கிடச் சொல்லி எழுதிக் குடுத்துட்டமே! நீங்க வச்சுக்கிடுவீகன்னுல்ல விட்டுக்குடுத்தோம்!"

குத்தூஸ் தாடியைத் தடவினார். "நான் முந்தாநாளே மேலப் புதுப்பட்டின்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தனை தலைமுறையாகச் சண்டை போட்டுக் காப்பாற்றிய பெயரை மூன்று ஊரும் ஒரே வாரத்தில் கைகழுவியிருந்தன. அதுவும் ஒன்றுக்கொன்று தெரியாமல். இவர்களில் யார் ஊரில் தான் பிறந்தோம் என்பது இனிமேல் தெரியாமலே போனாலும் பரவாயில்லை என்று அந்த இடத்தில்தான் பூரணிக்குத் தோன்றியது.

குருவானவருக்கு வேறு கவலை. ஒரு பெண்ணை மூன்று பேர் கொடுக்கலாமா? புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். யார் கொடுப்பது என்று கேட்கச் சொல்லியிருந்தது. எத்தனை பேர் என்று எங்கும் சொல்லவில்லை.

ஞானதீபம் எழுந்தாள். "என்னத்தையா தேடுதீக? ஒரு ஆளு கேட்டேன், மூணு பேரு வந்திருக்காக. குடுக்கச் சொல்லுங்க, மணியாகுதுல்ல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். இந்தத் தடவை நுனியில் உட்காரவில்லை.

மூன்று கைகள் சேர்ந்து பூரணியின் கையைப் பிடித்து ஜேசுதாசன் கையில் வைத்தன. தாலி கட்டியாயிற்று. வெளியே சங்கையாவின் ஆட்கள் அதற்கென்றே காத்திருந்து பட்டாசுச் சரத்தைக் கொளுத்தினார்கள். ஆசீர்வாத ஜெபத்தில் பாதி யாருக்கும் கேட்கவில்லை.

பின்னறையில் குருவானவர் கல்யாணப் பதிவேட்டை விரித்தார். மாப்பிள்ளை ஊர் எழுதினார். பெண்ணின் ஊர் என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. "என்னம்மா எழுத? ஆலையா, கரிசலா, மேலயா? வெறும் புதுப்பட்டி என்று இப்போது ஓர் ஊரே இல்லையே."

சங்கையா, வெள்ளைத்தாய், குத்தூஸ் மூவரும் வேறு எங்கேயோ பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்திருந்தார்கள்.

"முன்னால ஒண்ணும் போடாதீங்கய்யா. புதுப்பட்டின்னு மட்டும் எழுதுங்க. மூணு ஊரும் வேண்டாம்னு விட்டாச்சுல்ல, நான் எடுத்துக்கிடுறேன்" என்றாள் பூரணி.

குருவானவர் மூவரையும் பார்த்தார். மூவரும் தலையாட்டினார்கள். எழுதினார். மையை ஊதிக் காயவைத்தார்.

ஞானதீபம் குனிந்து அந்த எழுத்தைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து மூவரையும் ஒரு முறை பார்த்தாள். "ஏங்க, நாளப்பின்ன நான் இந்தப் பிள்ளையை ஒரு சொல்லு சொல்லிட்டேன்னா, மூணு ஊருமா வருவீக?"

"பின்ன? ஒரே ஒரு ஊர்க்காரியவா பேசப்போறீக?" என்றாள் வெள்ளைத்தாய்.

முப்பது வருஷமாக யாரும் வராத தன் வாசலை நினைத்தாளோ என்னவோ, ஞானதீபத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "வா, சாப்பிடப் போவோம். ஒங்க ஊர்க்காரக பசியோட நிக்கிறாக" என்று கூட்டிக்கொண்டு போனாள்.